‘மாமா சொன்னார், நான் சலான் போட்டேன்’

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 29. பி.காம். முடித்துவிட்டு லாரி டிரான்ஸ்போர்ட் ஒன்றில் டிராஃபிக் பிரிவு உதவியாளராக ஆறு வருடமாக வேலை. சம்பளம் 17,000 ரூபாய். கம்பெனிக்குச் சொந்த வண்டி நாற்பதுக்கு மேல் உண்டு. லோடு அதிகமாக இருக்கும் நாட்களில் புரோக்கர் மூலம் வெளி வண்டியும், அதாவது மார்க்கெட் வண்டியும் எடுப்பார்கள். எந்த வண்டிக்கு எந்த லோடு, யார் இன்று கிளம்புவது, யார் ஸ்டாண்டிலேயே கிடப்பது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் டிராஃபிக் இன்சார்ஜ். அவர் இந்த வாசகரின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

நடந்தது இதுதான். டர்ன்படி, அதாவது வந்த வரிசைப்படி வண்டி போக வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஆனால் டிரிப்புக்கு 500 ரூபாய் கொடுத்த ஓட்டுநருக்கு நல்ல லைன் கிடைக்கும். கொடுக்காதவர் மூன்று நாள், நான்கு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். டிரிப் போனால்தான் படி என்பதால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். இது முதல் வரவு. இரண்டாவது, மார்க்கெட் வண்டிகளில். சேலத்திலிருந்து மகாராஷ்டிராவின் பிவண்டிக்கு நூல் லோடு என்றால், வண்டிக்காரரிடம் பேசிய வாடகை 46,000, ஆபீஸ் சலானில், அதாவது வாடகையைக் குறிக்கும் தாளில், 50,000. வித்தியாசத்தைப் புரோக்கர் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த வண்டி சும்மா நிற்கும்போதே மார்க்கெட் வண்டி எடுத்த நாட்களும் உண்டாம்.

இந்தப் பணமெல்லாம் இன்சார்ஜின் கணக்குக்குப் போகவில்லை. வாசகரின் ஜிபே நம்பருக்கு வந்திருக்கிறது. 2023 அக்டோபர் முதல் 2025 நவம்பர் வரை ஓட்டுநர்களிடமிருந்து 2,14,000, புரோக்கர்களிடமிருந்து 4,24,000. வாரக் கடைசியில் பணமாக எடுத்து மாமாவிடம் கொடுத்துவிடுவார். இவருக்கு நின்றது மொத்தமாக 62,000 போல. சலான்களில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்து இவருடையது.

ஒரு மார்க்கெட் வண்டிக்காரர் பாக்கி வாடகை கேட்டு நேராக முதலாளியின் மகனுக்கே போன் போட்டதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. இப்போது இவரை ‘வேலைக்கு வர வேண்டாம்’ என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். 11 லட்சம் நஷ்டம் என்று கணக்குச் சொல்லி, எழுதாத பத்திரத் தாள் இரண்டிலும் தொகை போடாத காசோலை மூன்றிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் போலீஸ். மாமாவோ, ‘நீ எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கோ, பணத்தை நான் கட்டுறேன், தங்கச்சி கல்யாணத்தையும் நான் பார்த்துக்கிறேன்’ என்கிறார். வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம். பேசி முடித்ததும் மாமாதான்.

‘நான் எடுத்தது 62,000. அதைக் கட்டிவிட்டால் முடிந்துவிடாதா? லஞ்ச ஒழிப்பில் பிடிப்பார்களா? போனை மாற்றிவிடலாமா? அப்ரூவர் ஆகலாமா? என் ஒரிஜினல் சர்டிஃபிகேட் அவர்களிடம் இருக்கிறது, பி.எஃப். போய்விடுமா?’ என்று கேட்கிறார்.

தம்பி, கெடு வைத்திருப்பதாக எழுதியிருந்ததால் அவசரமான இரண்டு வரியை ஏற்கெனவே தனியாக அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

என் அப்பா பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். புக்கிங் ஆபீஸ் பெஞ்சைப் பற்றி அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே உங்கள் தரப்பை மட்டும் பார்த்து இந்தப் பதிலை எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் முழுக்க 500 ரூபாயைப் பற்றியே வருத்தப்படுகிறது. ‘டீக் காசு’, ‘எல்லா ஆபீஸிலும் உள்ள மாமூல்’ என்று நீங்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறீர்கள். சலான் விஷயத்தை மூன்றே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். சட்டம் பார்க்கும் பார்வை இதற்கு நேர் எதிரானது. ஓட்டுநர் கொடுத்த 500 அவருடைய சொந்தப் பணம். அதை வாங்கியது அநியாயம், வேலையை விட்டு நீக்கப் போதுமான ஒழுங்கீனம். ஆனால் அது கம்பெனியின் பணத்தைக் கையாடியதா என்று கேட்டால், நீதிமன்றத்தில் வாதாட இடமிருக்கிறது. 46,000-ஐ 50,000 என்று எழுதிய தாளுக்கு அப்படி எந்த வாதமும் கிடையாது. அந்த நாலாயிரம் கம்பெனியின் கல்லாவிலிருந்து போனது. போக வழி செய்தது அந்தச் சலான். அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. நீங்கள் வாங்கியதைவிட நீங்கள் எழுதியதுதான் உங்களுக்கு ஆபத்து.

லஞ்ச ஒழிப்புத் துறை வராது, ஆனால்...

ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர்களுக்கானது. தனியார் டிரான்ஸ்போர்ட்டில் இன்சார்ஜ் வாங்கினாலும் உதவியாளர் வாங்கினாலும் அந்தச் சட்டம் தொடாது. 2011-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, தனியார் துறை லஞ்சத்தையும் குற்றமாக்குவது பற்றிப் பரிசீலிக்கச் சொல்கிறது. அதற்கென்று தனிச் சட்டம் இங்கே இன்னும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு மூச்சு விட்டுவிடாதீர்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று பிரிவுகள் உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி (316-4), ஏமாற்றிப் பணம் பெறுதல் (318-4), கணக்கைப் பொய்யாக எழுதுதல் (344). மூன்றுக்கும் அதிகபட்சம் ஏழு வருடம். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒன்பது மாதச் சலான்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408, 420, 477-ஏ பிரிவுகளைப் போடுவார்கள். எஃப்.ஐ.ஆரில் பிரிவு எண்கள் இரண்டு வரிசையாக நீண்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சட்டம் மாறியதால் வரும் நீளம் அது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ‘ரேஷன் அரிசி லோடு வந்தால் குடோன் ஆளுக்கும் கொடுத்துவிடுவோம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அரசு நிறுவனத்தின் குடோனில் வேலை செய்பவர் பொது ஊழியர். அங்கே ஊழல் தடுப்புச் சட்டம் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடும். 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான், அதற்கும் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். அந்தப் பணத்தை நீங்கள் கையால் கொடுத்தீர்களா, மாமா கொடுத்ததைப் பார்த்தீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. அதை எனக்கும் எழுத வேண்டாம், ஆபீஸிலும் யாரிடமும் சொல்ல வேண்டாம். நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞரிடம் மட்டும், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவரிடம் சொல்வதை வெளியே சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

62,000 கணக்கு செல்லாது

‘எனக்கு நின்றது இவ்வளவுதான்’ என்பது உங்கள் மனக் கணக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டுவது 6,38,000. மாமாவிடம் கொடுத்த ஐந்தே முக்கால் லட்சம் நோட்டாகப் போயிருக்கிறது, ரசீது கிடையாது. நாளைக்கு அவர் ‘இவன் என் பேரைச் சொல்லி வாங்கித் தின்றிருக்கிறான்’ என்று சொன்னால், காகிதத்தில் அவர் சொல்வதுதான் நிற்கும். இதை நான் கசப்பாகச் சொல்லவில்லை. உங்கள் நம்பருக்குப் பணம் வந்தது தற்செயலாக நடந்ததா என்று நீங்களே ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர், தன் கணக்கில் ஒரு ரூபாய்கூட வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நீங்கள் வெறுங்கையோடு இல்லை. ‘இன்னைக்கு மூணு வண்டி வந்துடுச்சா, உன் நம்பருக்கே போடச் சொல்லு’ என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் போனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் வந்த ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஏ.டி.எம்மில் எடுத்ததும் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். வந்த பணம் உங்களிடம் தங்கவில்லை என்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் சாட்சி. அந்தப் போனைத்தான் மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்!

மாற்றாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் அழித்தாலும் பேங்கில் பதிவு இருக்கும், ஓட்டுநர்களின் போனில் இருக்கும், சரக்கோடு போகும் வே பில்லில் வண்டி எண் இருக்கும், ஃபாஸ்டேகில் வண்டி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று இருக்கும். காணாமல் போவது உங்களைக் காப்பாற்றக்கூடிய வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான். போதாததற்கு, சாட்சியமாகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். பழைய போனை அணைத்து, சார்ஜரோடு பத்திரமாக வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். மூலப் போன் கையில் இருந்தால் அந்த வேலை எளிது. வாய்ஸ் மெசேஜை வேறு யாருக்கும் ஃபார்வர்டு செய்து வைக்க வேண்டாம்.

காசோலையும் வெற்றுத் தாளும்

கடிதத்தில் எனக்கு உண்மையாகவே பதற்றம் தந்த இடம் இதுதான். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ‘நான் எழுதவில்லை, அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்’ என்று பிறகு தப்பித்துவிடலாம் என நிறையப் பேர் நம்புகிறார்கள். 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகத்தான் அது கொடுக்கப்பட்டது என்று சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும். 11 லட்சம் என்று நிரப்பி, பேங்க் திருப்பி அனுப்பி, நோட்டீஸ் வந்து 15 நாளில் நீங்கள் கட்டவில்லை என்றால், காசோலை வழக்கில் இரண்டு வருடம் வரை சிறையும் காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் வரலாம். மோசடி வழக்கில் அவர்கள் பல விஷயங்களை நிரூபிக்க வேண்டும். காசோலை வழக்கில் அவ்வளவு சிரமம் கிடையாது. அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

வெற்றுப் பத்திரத் தாளில் என்ன எழுதுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘மோசடி செய்தேன் என ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருக்கும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது ஊரறிந்த விஷயம். அதே தைரியத்தில் முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முதலாளி போலீஸ் அல்லவே! அவரிடம் எழுதிக் கொடுத்தது சாட்சியமாக வரும். மிரட்டி வாங்கினார்கள் என்றால் அதை நீங்கள் காட்டியாக வேண்டும். மூடிய அறைக்குள் நடந்ததற்கு யார் சாட்சி?

கையெழுத்துப் போட மறுப்பது குற்றம் ஆகாது. ‘வக்கீலைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் சார்’ என்ற ஒரு வரி போதும். சத்தம் வேண்டாம், சவால் வேண்டாம். முதலாளியின் மகன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவர் பணம் போயிருக்கிறது.

மாமாவின் யோசனை

‘எல்லாத்தையும் நீ ஏத்துக்கோ.’ சரி, ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 6,38,000-க்கான பொறுப்பு 11 லட்சமாகும். அந்த 11 லட்சத்தில் வண்டி காத்து நின்றதாகப் பொய்யாக எழுதிய ஹால்டிங் சார்ஜும், நீங்கள் சேர்வதற்கு முந்தைய கணக்கும்கூட இருக்கலாம். விவரம் கொடுக்காமல் தொகையை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மாமா பணம் கட்டுவார் என்பதற்கு அவர் வாய் வார்த்தை ஒன்றுதான் பிடி. அவர் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார், நீங்கள் வெளியே. அவர் முதல் தவணை கட்டிவிட்டு நிறுத்தினால், அவர் பேரில் நீங்கள் வழக்குப் போட ஒரு காகிதமும் இருக்காது. தங்கை கல்யாணத்தை நடுவில் வைத்துப் பேசுவதால் உங்களால் யோசிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சட்டப்படி எந்த ஒட்டும் இல்லை.

அதற்காக நாளைக் காலையிலேயே போய் மாமாவைக் காட்டிக்கொடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அப்ரூவர் என்பது சினிமாவில் வருகிற மாதிரி நாம் கை தூக்கி ஆகிவிடும் பதவி கிடையாது. வழக்குப் பதிவாகி, நீதிமன்றம் பார்த்து மன்னிப்பு வழங்க வேண்டும். தெரிந்ததை முழுவதும் சொல்வது நிபந்தனை. முதலாளியால் யாரையும் அப்ரூவர் ஆக்க முடியாது. அவர் ஆக்குகிறேன் என்றால் உங்களைப் பேச வைக்கிறார் என்று அர்த்தம்.

நான் சரி என்று நினைக்கும் வழி நடுவில் இருக்கிறது. 26 மாத ஸ்டேட்மென்ட்டை பேங்கில் சீல் போட்டு வாங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, வந்த தொகை, யாரிடமிருந்து, அன்றைக்கோ அந்த வாரமோ எடுத்த தொகை என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். ஓட்டுநர் பணம் தனி, புரோக்கர் பணம் தனி. எந்தெந்த வாய்ஸ் மெசேஜ் எந்தத் தேதிக்குப் பொருந்துகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். இதோடு ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கம்பெனியிடம் பேசுவது அவர் மூலமாகவே நடக்கட்டும். ‘11 லட்சத்துக்கு விவரம் கொடுங்கள்’ என்று கேட்பது முதல் படி. அந்த விவரத்தில் யாருடைய கையெழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இன்சார்ஜின் பங்கைப் பற்றி எதை, எவ்வளவு சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். அவசரப்பட்டு நீங்கள் எழுதும் விளக்கக் கடிதம், மாமாவைச் சிக்க வைப்பதற்கு முன் உங்களைச் சிக்க வைக்கும்.

சமரசத்துக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்பது என் கணிப்பு. பெரும்பாலான டிரான்ஸ்போர்ட் முதலாளிகளுக்குப் பணம் வந்தால் போதும், கோர்ட் வாசலில் நிற்க நேரம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கட்டினால் குற்றமே இல்லாமல் போய்விடாது. ஆனால் ஜாமீனுக்கும் சமரசத்துக்கும் அது பெரிய பலம். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் ஆகிய முதல் இரண்டு பிரிவுகளை நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடிக்கலாம். பொய்க் கணக்குப் பிரிவுக்கு அந்த வழி இல்லை. இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனால் அதையும் ரத்து செய்ய முடியும், 2012-ன் கியான் சிங் தீர்ப்புக்குப் பிறகு இது வழக்கமாகவே நடக்கிறது. ‘வழக்குப் போடாமல் இருக்கப் பணம்’ என்று மட்டும் எங்கும் எழுதிவிடக் கூடாது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது.

போலீஸ் கூப்பிட்டால்

முதலில் வருவது பெரும்பாலும் மனு விசாரணைதான். புகார்தாரருக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு உங்களைப் போனில் அழைப்பார்கள். போகாமல் ஒளிந்துகொள்ள வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் பிடித்த உடனே கைது செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் குறித்த நாளில் ஆஜராகுங்கள். அதுவே கைதுக்கு எதிரான நல்ல பாதுகாப்பு. கைது வரும் என்று வழக்கறிஞருக்குத் தோன்றினால் நாமக்கல் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்பார். ஸ்டேஷனில் வைத்து ‘பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று காசோலை வாங்கித் தரும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. அங்கேயும் பதில் அதேதான்: வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வேலை, சம்பளம், சர்டிஃபிகேட்

‘வர வேண்டாம்’ என்று வாயால் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், நாளைக்கு ‘அவனே நின்றுவிட்டான்’ என்பார்கள். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், எழுத்தில் உத்தரவு தாருங்கள் என்று இரண்டே வரியில் மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். வேறு ஒரு வார்த்தையும் அதில் வேண்டாம். சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டில் 1981-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் போனால் முழுச் சம்பளம். நீக்குவதானால் குற்றச்சாட்டு மெமோ, உங்கள் பதில், உள்விசாரணை என்று வரிசை உண்டு. உண்மையைச் சொன்னால், விசாரணை ஒழுங்காக நடந்தால் வேலை தங்காது. அந்த நம்பிக்கையை நான் கொடுக்க மாட்டேன்.

பி.எஃப். பணத்தில் யாரும் கை வைக்க முடியாது. கம்பெனியின் நஷ்டத்துக்கு ஈடாகப் பிடிக்கவும் முடியாது. கிராஜுவிட்டி அப்படி அல்ல. ஆறு வருடம் முடித்திருந்தாலும் நஷ்டத்தின் அளவுக்கோ, நேர்மைக்கேடான குற்றம் என்றால் முழுவதுமோ நிறுத்த சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்குத் தண்டனைத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சர்டிஃபிகேட் அடகுப் பொருள் கிடையாது. வழக்கறிஞர் நோட்டீஸில் அதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்காகவே ஆபீஸுக்குத் தனியாகப் போய் நிற்காதீர்கள்; உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மேஜை மேல் தாளை வைப்பார்கள்.

ஓட்டுநர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான்கு நாள் காத்திருந்து, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் வேலையை விட்டே போன ஓட்டுநரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எழுதியதற்காகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். இப்போது கொடுக்காதீர்கள். அந்த ஓட்டுநர்கள் எல்லோரும் நாளைய சாட்சிகள். விசாரணை நடக்கும்போது அவர்கள் கணக்குக்கு நீங்கள் பணம் அனுப்பினால், சாட்சியைக் கலைத்தார் என்று ஜாமீன் மனுவையே எதிர்ப்பார்கள். சமரசப் பேச்சு வந்தால், ஓட்டுநர்களின் 2,14,000 ரூபாயைக் கம்பெனி மூலமாகவே அவரவருக்குச் சேர்ப்பது என்று ஒரு ஷரத்துப் போடச் சொல்லுங்கள். பெயரும் தொகையும் தேதியும் உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கின்றன. வேலையை விட்டுப் போனவர் பெயர் அதில் இருக்காது, அவர்தான் கொடுக்கவே இல்லையே. பெஞ்சில் உட்கார்ந்த நான்கு நாள் படியை அவருக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று வழக்கறிஞரோடு சேர்ந்து நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள், 6,38,000 என்ற முழுத் தொகையோடு. நீங்கள் சொல்லாவிட்டால் மாமா அவர் பாணியில் சொல்லுவார். உங்கள் கையெழுத்துக் கிடைக்கவில்லை என்றால், அந்த மூன்று காசோலைகளையும் எடுத்துக்கொண்டு அடுத்து உங்களிடம் வருவது கம்பெனி ஆளாக இருக்காது, அம்மாவாக இருக்கும். கூடவே வீட்டுப் பத்திரத்தையும் ஒரு ஜாமீன் கையெழுத்தையும் அவரிடமே கேட்டிருப்பார்கள். அவரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.